பழகிப் போச்சு என்று யார் சொன்னது?

காலை நடைப்பயிற்சியில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. ஓய்வு பெற்ற அதிகாரி. நல்ல மனிதர். தினமும் தெருநாய்களுக்கு பிஸ்கட் போடுவார். அவருடைய பேன்ட் பையில் பிஸ்கட் பாக்கெட் சரசரத்தால் போதும், பூங்கா வாசலில் சுருண்டு கிடக்கும் நாலு நாய்களும் எழுந்து வாலாட்டிக்கொண்டு வந்துவிடும். பிஸ்கட் வெளியே வரவேண்டிய அவசியமே இல்லை. "பார்த்தீங்களா, என்ன புத்திசாலித்தனம்!" என்று பூரித்துப் போவார்.

சமீபத்தில் அவரிடம், சடையங்குப்பம் போய் வந்தேன் என்று சொன்னேன். எங்கே இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். உடனே சொன்னார்: "அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வெள்ளம், புகை, கேஸ் நாத்தம் எல்லாம் பழகிப் போச்சு சார். நாமதான் பாவம் பாவம்னு நினைச்சுக்கறோம்."

பத்தடி நடந்திருப்போம். அவரே மறுபடி ஆரம்பித்தார். "ஆனா ஒண்ணு சார். லேசா வாடை அடிச்சாலே தெருவுக்கு வந்துடறாங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்!"

கவனித்தீர்களா? பழகியும் போய்விட்டதாம். பயந்தும் சாகிறார்களாம். பத்தடி தூரத்துக்குள் ஒரே வாயிலிருந்து ரெண்டு தீர்ப்பு. பாக்கெட் சத்தத்துக்கு எழுந்து வரும் நாய்க்குப் பெயர் புத்திசாலி. வாடைக்கு எழுந்து வரும் மனுஷனுக்குப் பெயர் பீதி பிடித்தவன்.

அவரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. வடசென்னையைப் பற்றி மற்ற சென்னை வைத்திருக்கும் அபிப்பிராயமே இதுதான். நீங்களும் நானும் அதில் சேர்த்தி. அதனால் உங்களிடமே இந்த வழக்கைக் கொண்டு வருகிறேன்.

முதலில் ஊர் எங்கே என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் மணலியின் ஆலைகள். இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டினால் திருவொற்றியூர். வடக்கே கொசஸ்தலை ஆறு எண்ணூர் முகத்துவாரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும். நடுவில் தாழ்ந்து கிடக்கிற நிலத்தில் சடையங்குப்பம், பர்மா நகர். மாநகராட்சி எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் கூடினால் ஊருக்குள் வரும். மேற்கே காற்று திரும்பினால் ஆலை வாடை வரும். மணலி, 2009லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட பட்டியலில், மிக மோசமாக மாசடைந்த 43 தொழிற்பகுதிகளில் ஒன்று.

அங்கே ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். வானத்தில் லேசாகத்தான் மேகம். மழை கூட இல்லை. அவர் பேசிக்கொண்டே அரிசி டிரம்மை இழுத்து, செங்கல் வைத்து உயர்த்தியிருந்த கட்டில் மேல் ஏற்றினார். அடுத்து ஒரு பிளாஸ்டிக் பை. அதில் ரேஷன் கார்டு, ஆதார், பேத்தியின் சர்ட்டிபிகேட். அது ஆணியில் ஏறியது.

"இன்னும் மழையே வரலையேம்மா?"

"வந்தப்புறம் இன்னாத்த தூக்கறது சார்?" என்றார்.

இதற்குப் பெயர் பழக்கம் இல்லை. பீதியும் இல்லை. இதற்குப் பெயர் கற்றுக்கொள்ளுதல். உளவியல் பாடப்புத்தகத்தில் இதை ஆக்கநிலையுறுத்தல் என்று போட்டு மாணவர்களைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் கண்டிஷனிங். நம் பாட்டிமார் இதையே சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்று முடித்துவிட்டார்கள்.

பாவ்லோவ் என்ற பெயரைப் பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். ரஷ்யாவின் இவான் பாவ்லோவ். ஜீரண உறுப்புகள் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904ல் நோபல் பரிசு வாங்கியவர். நாய்க்குச் சோறு போடும் முன் மணி அடித்தார், கொஞ்ச நாளில் மணிச் சத்தத்துக்கே எச்சில் ஊறியது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மணியை விட அவர் மெட்ரனோம் போன்ற கருவிகளைத்தான் அதிகம் பயன்படுத்தினார், அது போகட்டும். நம் மனதில் பதிந்தது என்ன? நாய் ஒரு முட்டாள், மணிக்கும் சோற்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஜொள்ளு விடுகிறது என்பதுதான். யாராவது யோசிக்காமல் கும்பலோடு ஓடினால் "பாவ்லோவின் நாய் மாதிரி" என்று பட்டிமன்றத்தில் திட்டுகிறோம்.

தப்பு. நாய்க்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். அது எச்சில் ஊறி மணியைக் கடிக்கப் போவதில்லை. இன்னும் சில விநாடியில் சோறு வரப்போகிறது என்று அதன் உடம்பு கணக்குப் போடுகிறது. சோறு விழுந்த பிறகு எச்சில் சுரக்க ஆரம்பித்தால் தாமதம். முன்கூட்டியே சுரந்தால் லாபம். ஓர் அடையாளத்தைக் கண்டதும் அடுத்து வரப்போவதற்கு உடம்பைத் தயார் செய்துகொள்வது. நத்தை முதல் மனிதன் வரை இந்த வித்தையை வைத்துத்தான் பிழைத்துக் கிடக்கிறோம்.

வடசென்னைக்காரர்களுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பின்னி மில் ஓடிய காலத்தில் சங்கு ஊதினால் பெரம்பூர், புளியந்தோப்பு வீடுகளில் உலை ஏறும், டிபன் கேரியர் அடுக்கப்படும். கடிகாரம் இல்லாத வீட்டிலும் நேரம் தப்பாது. மில் 1996ல் மூடப்பட்டது. சங்கு ஊதிவிட்டார்கள் என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் சேர்ந்துகொண்டது.

பாவ்லோவ் கதையில் நம் பாடப்புத்தகம் சொல்லாமல் விட்ட ஓர் அத்தியாயம் இருக்கிறது. சடையங்குப்பத்தில் அந்த அம்மா டிரம்மைத் தூக்கியபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

1924 செப்டம்பரில் லெனின்கிராட் நகரில் பெரிய வெள்ளம். நேவா ஆறு ஊருக்குள் புகுந்தது. பாவ்லோவின் ஆய்வுக்கூடத்து நாய்க் கூண்டுகளில் தண்ணீர் ஏறியது. நாய்கள் மிதந்தன. பணியாளர்கள் நீந்திப் போய், கூண்டுக் கதவு தண்ணீருக்கடியில் இருந்ததால் நாய்களின் தலையை அமுக்கித்தான் வெளியே இழுக்க வேண்டியிருந்தது. ஒருவழியாகக் காப்பாற்றிவிட்டார்கள். வெள்ளம் வடிந்தது. பழையபடி ஆராய்ச்சி ஆரம்பித்தது. ஆனால் சில நாய்கள் மாதக்கணக்கில் கற்றதையெல்லாம் தொலைத்திருந்தன. பழைய அடையாளத்தைக் காட்டினால் எச்சில் வரவில்லை. சோற்றைக் கூடத் தொடவில்லை. பொறுமையாகப் பழக்கி மறுபடி வழிக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு பாவ்லோவ் ஒன்று செய்தார். சோதனை அறையின் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சமாகத் தண்ணீர் கசியவிட்டார். தரையில் சின்னதாக ஒரு ஓடை, அவ்வளவுதான். தேறிவிட்டது என்று நினைத்த நாய் பதறித் துடித்து, மேடையிலிருந்து இறங்கத் தவித்து, கற்றதையெல்லாம் மறுபடி தொலைத்தது.

பாவ்லோவ் அந்த நாயைப் பார்த்து அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரிக்கவில்லை. உட்கார்ந்து எழுதினார். ஒரு வெள்ளம் நரம்பில் என்ன எழுதிவிட்டுப் போகிறது என்று ஆராய்ந்தார்.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். சடையங்குப்பம் பக்கமும் மணலி புதுநகர் பக்கமும் தண்ணீர். மணலியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் பரவியது. சுமார் 20 சதுர கிலோமீட்டருக்கு எண்ணெய் படர்ந்திருப்பதாகக் கடலோரக் காவல் படையே சொன்னது. திருவொற்றியூர் மேற்கு, எர்ணாவூர் பக்கம் வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. 2015லும் வெள்ளம். 2021லும் வெள்ளம். இத்தனையும் கண்டவர்களின் கதவிடுக்கில் தண்ணீர் கசிந்தால் உடம்பு எப்படி எடுத்துக்கொள்ளும்? அதைப் பீதி என்று சொல்கிறவர் தன் வீட்டு ஹாலில் ஒருநாள் கட்டில் மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசட்டும்.

உடனே தெற்குச் சென்னை வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களிடமும் சாட்சி கேட்கிறேன். 2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு ரெட் அலர்ட் என்று அறிவித்தார்கள். மழை வருவதற்கு முன்னாலேயே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் ஏறி நின்றன. டி.வி.யில் பார்த்தோம். முந்தைய வெள்ளத்தில் இன்ஜினுக்குள் தண்ணீர் போய், லட்சக்கணக்கில் செலவழித்து, இன்சூரன்ஸ் கம்பெனியோடு மல்லுக்கட்டியவர்கள். ஒருமுறை பட்டதே போதும். அலர்ட் என்றதும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எதிர்பார்த்த அளவு மழை வரவில்லை. மீம்ஸ் போட்டுச் சிரித்தோம். ஆனால் ஒருவரையும் "படிக்காத ஜனங்க, சும்மா பயப்படறாங்க" என்று யாரும் சொல்லவில்லை. முன்னெச்சரிக்கை என்றுதான் சொன்னோம். மேம்பாலத்தில் ஏறிய காருக்கும் கட்டிலில் ஏறிய அரிசி டிரம்முக்கும் என்ன வித்தியாசம்? விலைதானே?

வெள்ளத்துக்காவது மேகம் என்று ஓர் அடையாளம் இருக்கிறது. வாடை விஷயத்துக்கு வருவோம். அங்கேதான் "பழகிப் போச்சு" என்ற பேச்சு வெறும் அலட்சியமாக இல்லாமல் ஆபத்தாகவே மாறுகிறது.

உங்கள் வீட்டுச் சமையல் சிலிண்டரைத் திறந்துவிட்டால் ஒரு நாற்றம் வருகிறதே, அது எரிவாயுவின் சொந்த நாற்றம் இல்லை. எரிவாயுவுக்கு அநேகமாக வாசனையே கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக மெர்காப்டன் என்ற ரசாயனத்தைத் துளியூண்டு சேர்க்கிறார்கள். 1937ல் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் வாசனையில்லாத வாயு சேர்ந்து வெடித்து, சுமார் 300 பேர் செத்தார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். அதன் பிறகுதான் வாயுவுக்கு நாற்றம் சேர்க்கச் சட்டம் போட்டார்கள். வாடை வந்தால் ஆபத்து, வராவிட்டால் ஆபத்தில்லை. நாற்றம் என்பது அங்கே ஒரு சங்கு.

இப்போது அந்த நாற்றம் வாரத்தில் நாலு நாள், காற்று அடிக்கிற திசையைப் பொறுத்து, சும்மாவே வருகிற ஊரை நினைத்துப் பாருங்கள். 2022ல் திருவொற்றியூர், மணலி வட்டாரத்தில் கேஸ் வாடை அடிக்கிறது என்று மக்கள் புகார் மேல் புகார் கொடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குழு போட்டு விசாரிக்க வேண்டியிருந்தது. வாடை வரும்போதெல்லாம் "நம்ம வீட்டு சிலிண்டரா, ஊர் காத்தா?" என்று முதலில் அடுப்படிக்கு ஓட வேண்டும். அங்கே ஒன்றும் இல்லை என்றால் ஊர் காத்து. நூறு முறை ஊர் காத்தாக இருந்தால் நூற்றி ஒன்றாவது முறை எழுந்து போவீர்களா?

ராபர்ட் ரெஸ்கார்லா என்ற அமெரிக்க உளவியலாளர் 1968ல் எலிகளை வைத்து இதைத்தான் காட்டினார். ஒரு சத்தம், அதோடு ஷாக். எலி சத்தத்துக்குப் பயப்படக் கற்றுக்கொள்கிறது. இன்னொரு கூட்டத்துக்கும் சத்தத்தோடு அதே அளவு ஷாக். ஆனால் சத்தம் இல்லாத நேரத்திலும் அதே கணக்கில் ஷாக் விழும். அந்த எலிகள் சத்தத்துக்குப் பயப்படக் கற்கவே இல்லை. ஏன்? அந்தச் சத்தம் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சத்தமும் ஷாக்கும் எத்தனை முறை சேர்ந்து வந்தன என்பதல்ல விஷயம். சத்தத்தால் தெரிந்துகொள்ள ஏதாவது இருந்ததா என்பதே விஷயம். எலிக்கே இவ்வளவு புள்ளியியல் தெரிகிறது.

இதற்கும் முன்னால் 1959ல் லுபோ, மூர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் வைத்து ஒன்று கண்டுபிடித்தார்கள். ஓர் அடையாளத்தைச் சும்மாவே பலமுறை காட்டிவிட்டு, பிறகு அதையே ஆபத்துக்கு அடையாளமாக்கினால், ஆடு அதைக் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் எடுக்கிறது. சும்மா வந்து போனது சும்மாதான் என்று மனசில் ஒதுக்கிவிடுகிறது. நம் ஊர் புலி வருது கதையில் கடைசியில் புலி வந்தபோது ஊர்க்காரர்கள் வராததற்கு அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்பது காரணமில்லை. பையன் அந்தக் கூப்பாட்டைச் செல்லாக்காசாக்கிவிட்டான்.

ஆக, சடையங்குப்பத்து ஜனங்களுக்கு வாடை "பழகிப் போச்சு" என்று நண்பர் ஆறுதலாகச் சொன்னாரே, அதற்கு என்ன அர்த்தம் தெரிகிறதா? ஆபத்து குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆபத்தைச் சொல்ல அவர்களிடம் இருந்த ஒரே சங்கையும் பிடுங்கிக்கொண்டோம் என்று அர்த்தம். அரிசி டிரம்மைத் தூக்கியது கற்றல். மூக்கு மரத்துப்போனது கற்றலைக் கெடுத்தது. ரெண்டையும் ஒரே சொல்லில் பழக்கம் என்று அடக்கிவிட முடியாது.

மூக்கை நம்பி ஒரு ஊரை விட்டுவைப்பதில் இன்னொரு பயங்கரமும் இருக்கிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பில் வெளிப்படும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுக்கு அழுகிய முட்டை நாற்றம். கொஞ்சமாக இருந்தால் நன்றாகத் தெரியும். அளவு அதிகமானால் அந்த வாயு மூக்கின் முகரும் சக்தியையே முடக்கிவிடும். வாடை நின்றுவிட்டது, காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைப்பீர்கள். உண்மையில் அப்போதுதான் ஓட வேண்டும்.

எண்ணூரில் இது நடக்காமல் தப்பித்ததற்குக் காரணம், அன்று வந்தது அமோனியா. சடையங்குப்பத்திலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் போனால் கடற்கரை மீனவர் கிராமங்கள். பெரியகுப்பம், சின்னகுப்பம், நெட்டுக்குப்பம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரம். கப்பலிலிருந்து கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கடலுக்கடியில் அமோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி எழுந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் தெருவுக்கு வந்தார்கள். கிடைத்த ஆட்டோவில், வேனில் ஏறினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆலை வாசல் அருகே காற்றில் ஒரு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. 24 மணி நேரச் சராசரிக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 400.

அமோனியா முரட்டு வாயு. கொஞ்சம் வந்தாலே மூக்கில் குத்தும். அதனால் ஊர் எழுந்தது. அன்று அந்த ஜனங்கள் "சும்மா லேசான வாடைதான்" என்று திரும்பிப் படுத்திருந்தால் மறுநாள் செய்தி வேறு மாதிரி இருந்திருக்கும். என் நண்பர் கேலி செய்த அந்தத் "தெருவுக்கு வந்துடறாங்க"தான் அவர்களைக் காப்பாற்றியது.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஒரு சைரன். அவ்வளவுதான். சடையங்குப்பத்துக்கும் பர்மா நகருக்கும் எண்ணூர்க் குப்பங்களுக்கும், கேட்டதும் நம்பக்கூடிய சைரன்.

சைரன் வைத்தால் பீதி கிளம்பும் என்பார்கள். இந்தப் பதிலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. போபால், 1984 டிசம்பர் 2 நள்ளிரவு. யூனியன் கார்பைடு ஆலையில் ஊருக்கு ஒரு சைரன், உள்ளே வேலை செய்பவர்களுக்கு ஒரு சைரன் என்று பிரித்து வைத்திருந்தார்கள். சின்னக் கசிவுக்கெல்லாம் ஊர் மிரளக் கூடாது என்ற நல்லெண்ணம்! அந்த இரவு ஊருக்கான சைரன் கொஞ்ச நேரம் அடித்தது. பிறகு நிறுத்திவிட்டார்கள். ஆலைக்குள் இருந்தவர்கள் காற்றடிக்கும் திசையைப் பார்த்து எதிர்ப்பக்கம் ஓடினார்கள். வெளியே இருந்தவர்கள் வாயுவோடு சேர்ந்து ஓடினார்கள்.

அதன் பிறகு நம் நாட்டில் சட்டம் வந்தது. அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆலைக்கு வெளியே இருப்பவர்களைக் காப்பாற்றும் அவசரத் திட்டம் இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறையாவது அதை ஒத்திகை பார்க்க வேண்டும். பாதிக்கப்படக்கூடிய ஜனங்களிடம் என்ன ஆபத்து, வந்தால் என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். நான் சடையங்குப்பத்தில் பேசிய ஒருவரும் அப்படி ஓர் ஒத்திகையைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. "அதெல்லாம் கம்பெனிக்கு உள்ள நடக்கும்ணே" என்றார் ஒரு இளைஞர்.

இன்னொரு எலிக் கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதினேன். 1970 வாக்கில் ஜே வைஸ் என்ற ஆராய்ச்சியாளர் இரண்டு எலிகளுக்கு ஒரே நேரத்தில், ஒரே அளவு ஷாக் கொடுத்தார். ஒரு எலிக்கு ஷாக்குக்கு முன்னால் பீப் சத்தம் கேட்கும். மற்றதற்கு பீப் கண்ட நேரத்தில் கேட்கும், ஷாக்கோடு சம்பந்தமே இருக்காது. வலி ரெண்டுக்கும் சமம். ஆனால் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது, நம்பக்கூடிய பீப் கேட்ட எலிக்குப் புண் கொஞ்சம். கண்டபடி பீப் கேட்ட எலிக்குப் பல மடங்கு.

காரணம் என்ன? முதல் எலிக்குப் பீப் கேட்டால் பயம். பீப் கேட்காத நேரமெல்லாம் நிம்மதி. இரண்டாவது எலிக்கு நிம்மதியான நேரம் என்று ஒன்றே கிடையாது. எந்த நிமிஷமும் விழலாம்.

நல்ல எச்சரிக்கை என்பது பயமுறுத்தும் கருவி மட்டுமில்லை. அது அடிக்காத ராத்திரிகளில் தூங்கலாம் என்கிற உத்தரவாதமும் அதுதான். அந்த அம்மாவிடம், மழைக்காலத்தில் எப்படித் தூங்குவீங்க என்று கேட்டேன். "எங்க சார் தூங்கறது? காலைத் தொங்கப் போட்டுக்கினு படுப்பேன். தண்ணி வந்தா சில்லுனு தெரியும்ல" என்றார். ஒரு மாநகராட்சியில், ஒரு மனுஷியின் பாதம் வெள்ள எச்சரிக்கைக் கருவியாக வேலை செய்கிறது.

அரசு எச்சரிப்பதே இல்லையா என்று கேட்பீர்கள். எச்சரிக்கிறது. பூண்டி நீர்த்தேக்கம் நிரம்பினால் அறிக்கை வரும். இத்தனை கனஅடி திறக்கப்படுகிறது, கொசஸ்தலை ஆற்றின் இரு கரையிலும் வசிப்போர் பாதுகாப்பாக இருக்கவும் என்று. கீழே ஊர்ப் பெயர்கள் நீளமாக. கடைசிப் பகுதியில் மணலி புதுநகர், சடையான்குப்பம், எண்ணூர். (அரசாங்கம் இப்படித்தான் எழுதும்.) முதல் ஆயிரம் கனஅடி திறக்கும்போதும் இதே வெள்ள அபாய எச்சரிக்கை. பல்லாயிரம் கனஅடி திறக்கும்போதும் இதே வார்த்தைகள், இதே பட்டியல். ஆயிரத்துக்குத் தண்ணீர் ஊருக்குள் வரவில்லை. அடுத்த முறை அறிக்கையை யார் படிப்பார்கள்? ரெஸ்கார்லாவின் எலி கூடப் படிக்காது. கனஅடி கணக்கு இன்ஜினீயருக்கு. ஜனங்களுக்கு வேண்டியது வேறு: எந்தத் தெரு வரைக்கும் வரும், எத்தனை மணிக்கு வரும், எப்போது வடியும்.

சைரனும் அப்படித்தான். ஷிப்ட் மாறும் சங்கு போல இருக்கக் கூடாது, தனிச் சத்தம் வேண்டும். ஒத்திகை என்றால் மாதத்தில் இன்ன நாள், இன்ன மணி என்று ஊருக்கே தெரிந்திருக்க வேண்டும். மற்ற நேரத்தில் அடித்தால் நிஜம். ஆபத்து நீங்கியது என்பதற்கும் ஒரு சத்தம் வேண்டும். அடிக்கும் பொறுப்பு ஆலை மேனேஜரின் கௌரவத்தைச் சார்ந்திருக்கக் கூடாது, காற்றை அளக்கும் கருவியோடு இணைந்திருக்க வேண்டும். அளவு எத்தனை என்று ஊருக்குள்ளேயே பலகையில் எழுத வேண்டும். இதற்கு ஆகும் செலவு, நம் நகரத்தில் ஒரு மேம்பாலத்தின் தூணுக்குப் பெயின்ட் அடித்து ஓவியம் வரையும் செலவை விட அதிகமாக இருக்கும் என்று தோன்றவில்லை.

இதோடு வாடையையும் நிறுத்தியாக வேண்டும். தினமும் நாறுகிற ஊரில் எந்தச் சைரனும் பாதி வேலைதான் செய்யும். ஆனால் அதற்கு ஐம்பது வருஷமாகக் குழு போட்டுக்கொண்டிருக்கிறோம். சைரனுக்குக் குழு தேவையில்லை.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதி கேட்டார். "யோசிக்க வேண்டிய விஷயம்தான்" என்றார். அதிகாரிகள் வழக்கமாகச் சொல்வது. அதனால் நான் வேறொன்று செய்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நிர்வாகத்துக்கு, பத்து ரூபாய் கட்டணத்தோடு மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறேன். மணலி, எண்ணூர் ஆலைகளுக்கான வெளிப்புற அவசரத் திட்ட ஒத்திகை கடைசியாக நடந்த தேதி எது? அதில் கலந்துகொண்ட குடியிருப்புகள் எவை? சடையங்குப்பம் அந்தத் திட்டத்தில் இருக்கிறதா? பதில் வந்ததும் இதே பக்கத்தில் போடுகிறேன். உங்கள் வீடு அந்தப் பக்கம் இருந்தால் நீங்களும் ஒன்று அனுப்புங்கள்.